ஓடிப்போனவனுக்கு உற்றார் செய்யும் உதவி எது?



வியாபாரத்தில் கடன் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம். ஜகாத்தைப் பற்றிப் பேசுகிறோம். பாகப்பிரிவினையைப் பற்றியும் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் குற்றம் செய்துவிட்டு, போலீசார் தேட, கோர்ட்டுக்கு முகம் காட்டாமல் ஒளிந்திருக்கிறான் என்றால், அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்குள்ளேயே குமைகிறோம். பேசாமல் இருப்பதனாலேயே, அந்த நேரம் வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் தவறான காரியத்தைச் செய்துவிடுகிறோம். ஆகவே இம்மாதப் பாடத்துக்கு அந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையை வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருப்பவன் முதலாளியின் தங்கை மகன். வருஷக் கணக்கு முடிக்கும்போது பெருந்தொகை குறைகிறது. அது முதலாளியின் பணம் மட்டுமல்ல. சரக்குக் கொடுத்தவர்களுடைய பணம், சீட்டுக்குக் கட்டியவர்களுடைய பணம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கிறார். வாரண்டு பிறக்கிறது. பையனைக் காணோம். பத்து நாள் கழித்து நள்ளிரவில் தாயாருக்குத் தொலைபேசி வருகிறது. "உம்மா, செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள். நான் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்கிறான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பழமொழி. அந்தத் தாய் என்ன செய்வாள்? அவளுக்கு நாம் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளையை விட்டுவிடு என்று சொல்வது எளிது. ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. அவனை மறைத்து வை என்றும் சொல்லவில்லை. அது காட்டும் வழியை, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடைய காலத்திலேயே நடந்த சம்பவங்களைக் கொண்டு பார்ப்போம்.

மதீனாவில் நடந்த ஒரு களவு

திர்மிதீ ஷரீபில் கதாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் வாயிலாக ஓர் அறிவிப்பு வருகிறது. அவர்களுடைய சிறிய தகப்பனார் ரிபாஆ இப்னு ஜைது (ரலி) அவர்கள், ஷாம் தேசத்திலிருந்து வந்த வியாபாரியிடம் உயர்ந்த ரக மாவு ஒரு சுமை வாங்கி வீட்டு மேலறையில் வைத்தார்கள். அதே அறையில் அவர்களுடைய கவசமும் வாளும் இருந்தன. ஓர் இரவில் அறையைத் துளைத்து, மாவையும் ஆயுதங்களையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், உபைரிக் குடும்பத்தாரின் வீட்டில் அன்றிரவு அடுப்பெரிந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். சந்தேகம் அவர்கள்மேல் விழுந்தது. அவர்களோ, லபீது இப்னு ஸஹ்ல் என்ற நல்ல மனிதரின்மேல் பழியைத் திருப்பினார்கள். அவர் மானம் பொறுக்காமல் வாளை உருவிக்கொண்டு வந்துவிட்டார். வேறோர் அறிவிப்பில், திருடியவன் பெயர் துஃமா என்றும், அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர் என்றும் வருகிறது. பெயர் எதுவானாலும் நடந்த முறை ஒன்றுதான். குற்றம் செய்தது ஒருவன். பழி சுமந்தது மற்றொருவர்.

இனித்தான் நம் பாடம் தொடங்குகிறது. குற்றவாளியின் உறவினர்கள் ஒன்றுகூடினார்கள். தங்களில் பேச்சுத் திறமையுள்ள ஒருவரை நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்துக்கு அனுப்பினார்கள். இஸ்லாமும் நற்குணமும் உள்ள ஒரு குடும்பத்தின்மேல் ஆதாரமில்லாமல் களவுப் பழி சுமத்துகிறார்கள் என்று அவர் முறையிட்டார். நீதிபதி வெளியில் தெரியும் ஆதாரத்தைக் கொண்டுதான் பேச முடியும். ஆகவே கதாதா (ரலி) அவர்கள் போனபோது, அத்தாட்சியின்றி ஒரு குடும்பத்தின்மேல் பழி சொல்லலாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டுவிட்டார்கள். என் பொருளில் கொஞ்சம் போயிருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பேச்சைப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று கதாதா (ரலி) அவர்கள் மனம் நொந்து திரும்பினார்கள். ரிபாஆ (ரலி) அவர்களோ, அல்லாஹ்விடமே உதவி தேடுகிறோம் என்று சொல்லி அமைந்தார்கள்.

சகோதரர்களே, இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். நிரபராதி ஒருவர் மானத்துக்காக வாளெடுத்து நிற்கிறார். திருடியவன் மட்டும் உறவினர்களுக்கு நடுவே நிம்மதியாக இருக்கிறான். குற்றவாளியைச் சுற்றம் மறைத்தால் என்றைக்கும் நடப்பது இதுதான். நாம் நம் பிள்ளையின்மேல் வைத்த பாசத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். அவரை நாம் பார்ப்பதேயில்லை.

அதன்பின் சூரத்துன் நிஸாவின் 105ஆம் ஆயத்துத் தொடங்கி 113 வரையுள்ள ஆயத்துகள் இறங்கின. மோசம் செய்பவர்களுக்காக வாதாடக் கூடாது என்று அல்லாஹ் தஆலா விலக்கினான். அவர்கள் மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளலாம், அல்லாஹ்விடமிருந்து ஒளிய முடியாது என்று எச்சரித்தான். இவ்வுலகில் அவர்களுக்காக நீங்கள் வழக்காடினீர்கள், கியாமத் நாளில் அவர்களுக்காக அல்லாஹ்விடம் வழக்காடுபவர் யார் என்று 109ஆம் ஆயத்தில் கேட்டான். தன் குற்றத்தை நிரபராதியின்மேல் எறிபவன் பெரும் அவதூறைச் சுமக்கிறான் என்று 112ஆம் ஆயத்தில் அறிவித்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவில் 110ஆம் ஆயத்து இருக்கிறது. தீமை செய்தவனோ, தனக்கே அநியாயம் செய்துகொண்டவனோ, பிறகு அல்லாஹ்விடம் பிழைபொறுக்கத் தேடினால், அவனை மன்னிப்பவனாகவும் இரக்கமுள்ளவனாகவும் காண்பான் என்பது அதன் கருத்து. வழக்கின் நடுவிலேயே வாசல் திறந்திருந்தது! ஆனால் அந்த மனிதன் அந்த வாசலுக்குப் போகவில்லை. மக்காவுக்கு ஓடி, இணைவைப்போருடன் சேர்ந்துகொண்டான். அங்கே ஸுலாபா என்ற பெண் இடங்கொடுத்தாள். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களின் கவிதை அவள் காதுக்கு எட்டியதும், அவளும் அவனுடைய மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டாள். மறைத்த உறவினர்களும் அவனைக் காப்பாற்றவில்லை. இடங்கொடுத்தவளும் கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை.

ஓடியவர்களைத் திருப்பி அழைத்த மூவர்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஹிஜ்ரி 8ஆம் வருஷம், அதாவது கி.பி. 630ல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது சிலர் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். அவர்களில் ஒருவர் அபூஜஹ்லின் மகன் இக்ரிமா. முஸ்லிம்களுக்கு அவர் இழைத்த கொடுமைகள் அநேகம். யமன் தேசத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய மனைவி உம்மு ஹகீம் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். கணவர் பின்னாலேயே ஓடி ஒளியவில்லை. மக்காவில் இருந்தபடி அவருக்குப் பணமும் அனுப்பவில்லை. முதலில் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய், தம் கணவருக்கு அபயம் கேட்டார்கள். அபயம் கிடைத்தது. அதன்பின்பே யமன் வரை பயணம் செய்து, கணவரைத் தேடிப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்தார்கள். வந்தவர் இஸ்லாத்தைத் தழுவினார். பின்னாளில் ஷாம் தேசத்துப் போர்க்களத்தில் ஷஹீதானார்.

இரண்டாவது, ஸப்வான் இப்னு உமையா. இவர் கப்பலேறுவதற்காக ஜித்தாவுக்கு ஓடினார். இவருக்காக அபயம் கேட்டவர், இவருடைய சிறிய தகப்பனார் வழியில் சகோதரரான உமைர் இப்னு வஹ்பு (ரலி) அவர்கள். வாய்ச்சொல்லை ஸப்வான் நம்பமாட்டார் என்பது உமைருக்குத் தெரியும். ஆகவே ஓர் அடையாளம் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தங்களுடைய தலைப்பாகையையே கொடுத்தனுப்பினார்கள். கடற்கரையில் போய்ப் பிடித்தபோது, என் உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றார் ஸப்வான். உமைர் (ரலி) அவர்கள் விடாமல் தைரியம் சொல்லி அழைத்து வந்தார்கள். யோசித்து முடிவு செய்ய இரண்டு மாதத் தவணை கேட்டார் ஸப்வான். நான்கு மாதம் கிடைத்தது.

மூன்றாவது, கவிஞர் கஃபு இப்னு ஸுஹைர். இவரைத் திருப்பியது ஒரு கடிதம். எழுதியவர் உடன்பிறந்த சகோதரர் புஜைர் (ரலி) அவர்கள். ஆபத்தை மூடி மறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். உன்மேல் தண்டனை இருக்கிறது, ஆனால் தவ்பா செய்து தாமாக வருபவரை நாயகம் (ஸல்) அவர்கள் கொல்வதில்லை, உயிர்மேல் ஆசையிருந்தால் அங்கே போ என்பது அதன் சாரம். அவர் மதீனாவுக்கு வந்து மன்னிப்புப் பெற்று, தம் கஸீதாவை ஓதிப் போர்வையும் பரிசாகப் பெற்றார். அந்தக் கஸீதாவுக்கும் புர்தா என்ற பெயருண்டு. நம்மவர் மஜ்லிஸுகளில் ஓதும் பூஸிரி இமாம் அவர்களின் புர்தா பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது.

மனைவி, உறவினர், உடன்பிறந்தவர் என்று இம்மூவரும் ஒரே மாதிரி நடந்திருக்கிறார்கள். முதலில் அதிகாரம் உள்ளவரின் வாசலுக்குப் போனார்கள், அல்லது அந்த வாசலின் நிலைமையைத் தெரிந்துகொண்டார்கள். அடுத்து, ஓடியவரிடம் உண்மையைச் சொன்னார்கள். இருவர் நேரில் போய்க் கூடவே நடந்து வந்தார்கள். உபைரிக் குடும்பத்தார் நீதிபதியிடம் போய்ப் பொய் சொன்னார்கள். இவர்களோ குற்றம் இல்லை என்று சாதிக்காமல், கருணையைக் கேட்டார்கள். இரண்டும் பாசம்தான். ஒரு பாசம் குற்றவாளியை நாட்டைவிட்டே துரத்திற்று. மற்றது ஓடியவர்களை மனிதர்களாகத் திருப்பிக் கொண்டுவந்தது.

சகோதரன் அநியாயம் செய்பவனாயினும், அநியாயம் செய்யப்பட்டவனாயினும் அவனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்கப்பட்டபோது, அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள். இது புகாரீ ஷரீபில் உள்ளது.

மானத்தை மறைப்பது வேறு, ஆளை ஒளிப்பது வேறு

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவருடைய குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை. முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீஸ் அது. ஒருவன் தனக்கும் தன் ரப்புக்கும் இடையில் செய்த பாவத்தைத் தோண்டி எடுத்து ஊருக்குச் சொல்லக் கூடாது. ஆனால் பிறருடைய பொருளையோ உயிரையோ மானத்தையோ தொட்ட குற்றத்தில், உரிமையுள்ளவர் ஒருவர் வெளியே நின்று கேட்கிறார். அவருடைய ஹக்கை மறைக்க நமக்கு அதிகாரமில்லை. குற்றம் செய்தவனுக்குப் புகலிடம் கொடுப்பவனை அல்லாஹ் சபிக்கிறான் என்று அலீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸும் அதே முஸ்லிம் ஷரீபில்தான் இருக்கிறது.

மக்ஜூம் குலத்துப் பெண்ணின் களவு வழக்கு எல்லோரும் அறிந்தது. பெரிய குடும்பமாயிற்றே என்று குறைஷிகள் கலங்கி, நாயகத்தின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். முன்னிருந்த சமுதாயங்கள் அழிந்ததே, உயர்ந்தவனை விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததால்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லி, தம் மகள் பாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றே என்று முடித்தார்கள். சூரத்துன் நிஸாவின் 135ஆம் ஆயத்தும், தனக்கோ, தாய் தந்தையருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி சொல்லக் கட்டளையிடுகிறது.

தவ்பாவுக்கு உள்ள நிபந்தனைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் வகுத்திருக்கிறார்கள். பாவத்தை விடுவது, செய்ததற்கு வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. இம்மூன்றோடு, மனிதர்களுக்குரிய ஹக்கு இருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது அல்லது மன்னிப்புப் பெறுவது என்று நான்காவதும் சேர்கிறது. வியாபாரிகளாகிய நாம் இந்த நான்காவதை நன்றாக அறிவோம். பேரேட்டில் பற்று இருக்கும்வரை கணக்கு முடியாது. ஓடி ஒளிந்திருப்பவன் ஐந்து வேளை தொழுதாலும், எதிராளியின் பக்கம் அவன் கணக்கு திறந்தேதான் கிடக்கிறது.

குற்றமே செய்யாதவன் ஓடலாமா?

மூஸா நபி (அலை) அவர்கள் எகிப்தைவிட்டுப் போகவில்லையா, நாயகத்தின் தோழர்கள் அபிசீனியாவுக்குப் போகவில்லையா என்றும் சிலர் கேட்பதுண்டு. பிர்அவ்னின் பிரதானிகள் விசாரணையின்றிக் கொல்ல ஆலோசனை செய்தார்கள். மக்கத்துக் குறைஷிகள் ஈமான் கொண்டதற்காகச் சித்திரவதை செய்தார்கள். அவை கொடுமையிலிருந்து உயிர் தப்பிய பயணங்கள். வக்கீல் வைத்துப் பேசவும், சாட்சி கொண்டுவரவும், அப்பீல் செய்யவும் இடமுள்ள கோர்ட்டிலிருந்து, பிறர் பணத்தோடு ஓடுவதை அவற்றோடு சேர்த்துப் பேசுவது அடாத காரியம்.

உண்மையிலேயே நிரபராதியாயிருந்தால், அவன் பார்க்க வேண்டியது யூஸுப் நபி (அலை) அவர்களை. வருஷக்கணக்கில் சிறையில் இருந்தவரை அரசன் வெளியே அழைத்தான். அவர்கள் உடனே வந்துவிடவில்லை. அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரிக்கும்படி தூதனைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சூரா யூஸுபின் 50ஆம் ஆயத்துக் கூறுகிறது. திறந்த சிறைக் கதவைவிடத் தம்மேல் உள்ள களங்கம் நீங்குவதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. குற்றமற்றவன் ஓடினால், ஓட்டமே அவனுக்கு எதிர்ச்சாட்சியாகிவிடும்.

நாம் வாழும் நாட்டின் சட்டம்

1860ல் இந்தியாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தை ஒட்டியே நீரிணைக் குடியேற்றங்களின் சட்டம் 1872ல் அமலுக்கு வந்தது. பல திருத்தங்களுடன் அந்த வழியில் வந்த சட்டமே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் உள்ளது. அதன் 212ஆம் பிரிவு, குற்றவாளி என்று தெரிந்தும் ஒருவனைத் தண்டனையிலிருந்து தப்புவிக்க ஒளித்து வைப்பதைக் குற்றமாக்குகிறது. ஒளித்து வைப்பது என்றால் வீட்டில் படுக்க இடம் கொடுப்பது மட்டும் என்று எண்ண வேண்டாம். சாப்பாடு, பணம், துணி, வாகனம் கொடுப்பதும் அதில் அடங்கும். பழைய சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு வைத்தது. தாய் தகப்பன், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்ற விலக்கு அதில் இல்லை. கணக்குப் புத்தகத்தைக் கிழிப்பது, ரசீதுகளை எரிப்பது முதலிய அத்தாட்சியை அழிக்கும் வேலைகளும் தனிக் குற்றம். குற்றத்தை மூடி மறைப்பதற்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் அப்படியே.

ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டால் தப்பினோம் என்று எண்ணியவர்கள் உண்டு. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும் என்று எண்ணியவர்களும் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் ஒன்றின் வாரண்டை மற்றதன் மாஜிஸ்திரேட் கையொப்பத்தோடு நிறைவேற்றிக்கொள்ளும் ஏற்பாடு நெடுநாளாக உண்டு. மலேசியாவும் இந்தியாவும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கையை 2010ல் செய்துகொண்டன. ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்பது வெறும் நினைப்பு. வயதான தாய் தகப்பனுடைய வீட்டு வாசலில் போலீசாரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அதன் பலன்.

ஜாமீன் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். உறவுக்காக முகம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஜாமீன் நிற்பவர் பொறுப்பாளி என்பது ஹதீஸ். சிங்கப்பூரின் 2010ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஜாமீன்தார் அந்த ஆளோடு தினந்தோறும் தொடர்பு வைத்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். ஆள் ஓடினால் கட்டிய தொகை பறிபோகலாம். அந்தத் தொகை பெரும்பாலும் கடையின் முதல். கையெழுத்துப் போடுமுன், இவன் ஓடினால் நானே போய்ச் சொல்வேனா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று மனம் சொன்னால், ஜாமீன் நிற்க வேண்டாம்.

தொலைபேசி வந்த வீட்டார் செய்ய வேண்டியவை

முதலாவது, பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பணம் அவனை இன்னும் ஒரு மாதம் தூரத்தில் வைக்கும், அவ்வளவுதான். ஆனால் தொலைபேசியை வைத்துவிடவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அழட்டும், பேசட்டும். பாசத்தைச் சொல்லில் காட்டுங்கள். எவ்வளவு கோபமிருந்தாலும், இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிடாதீர்கள். திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, மறுநாள் காலையிலேயே வக்கீலிடம் போங்கள். உம்மு ஹகீம் (ரலி) அவர்கள் முதலில் அதிகாரியின் வாசலுக்குப் போனது நினைவிருக்கட்டும். குற்றச்சாட்டு என்ன, தாமாகச் சரணடைந்தால் கோர்ட்டு எப்படிப் பார்க்கும், நமக்கு ஏதும் தகவல் சொல்லும் கடமை உண்டா என்பனவற்றைக் கேளுங்கள். சரணடைந்ததும், பொருளைத் திருப்பிக் கொடுத்ததும் தண்டனையைக் குறைக்க எடுத்துச் சொல்லத்தக்கவை. வசதியில்லாதவர்கள் நாதியற்றவர்கள் அல்லர். மலேசியப் பிரஜைகளுக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் உண்டு. சிங்கப்பூரில் குற்றவியல் சட்ட உதவித் திட்டமும், 2022ல் ஏற்பட்ட பொதுத் தற்காப்பு வக்கீல் அலுவலகமும் உண்டு.

மூன்றாவது, அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொய்த் தைரியம் சொல்ல வேண்டாம். புஜைர் (ரலி) அவர்கள் எழுதியதுபோல், ஆபத்தையும் சொல்லுங்கள், வழியையும் சொல்லுங்கள். இவ்வளவு வருஷம் கிடைக்கலாம் என்று வக்கீல் சொன்னால் அதையும் மறைக்காதீர்கள். பொய் சொல்லி வரவழைக்கப்பட்டவன் மறுபடியும் யாரையும் நம்பமாட்டான்.

நான்காவது, கூடப் போங்கள். போலீஸ் நிலையத்துக்கு அவனைத் தனியே அனுப்பாதீர்கள். வாப்பாவோ, மாமாவோ, மூத்த காக்காவோ வக்கீலுடன் சேர்ந்து கூட நடக்க வேண்டும். அவனோ வர மறுத்தால், ஓடுவதற்கு உதவி செய்வதில்லை என்பதில் உறுதியாக நின்று, போலீசார் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். அவன் யாருக்கேனும் உயிராபத்து விளைவிக்கக் கூடியவனாயின், கேட்கும்வரை காத்திருக்கவும் கூடாது.

ஐந்தாவது, பொருளைப் பறிகொடுத்தவரின் வீட்டுக்குப் போங்கள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி நெருக்குவதற்காகப் போகாதீர்கள். எங்கள் பிள்ளை செய்தது அநியாயம் என்று சொல்வதற்கும், இயன்றதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் போங்கள். கொடுப்பது வாங்குவதை வக்கீல் மூலம் எழுத்தில் வையுங்கள். எந்தக் குற்றத்தில் சமாதானம் செல்லும், எதில் செல்லாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ரிபாஆ (ரலி) அவர்களையும் கதாதா (ரலி) அவர்களையும் போல் மனம் நொந்து திரும்பியவர் ஒருவர் இந்த ஊரிலும் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

ஜமாஅத்தாரின் கடமை

கடைசியாக நமக்கு, அதாவது வெளியில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பங்கள் பிள்ளையை ஒளித்து வைப்பதற்குப் பாதிக் காரணம் பாசம். மீதிப் பாதி நம் வாய்க்குப் பயம். நாளைக்குப் பள்ளிவாசலில் யார் என்ன சொல்வார்கள், பெண்ணுக்குப் பேசிவைத்த சம்பந்தம் முறிந்துபோகுமோ, கடைக்குச் சரக்குக் கொடுப்பார்களோ என்ற அச்சம்தான் அவர்களைக் கதவைச் சாத்தச் செய்கிறது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் ஷரீப் கூறுகிறது. அண்ணன் செய்த குற்றத்துக்காகத் தங்கையின் நிகாஹ் நின்றுபோனால், அங்கே அநியாயம் செய்தவர்கள் நாம்.

இக்ரிமா (ரலி) அவர்கள் திரும்பி வந்தபோது, அவருடைய தகப்பனை ஏச வேண்டாம், இறந்தவரை ஏசுவது உயிரோடிருப்பவரின் மனத்தைத்தான் புண்படுத்தும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்ததாகச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. ஏசப்பட இருந்தவன் யார்? அபூஜஹ்ல்! அவனை ஏசுவதைக்கூட, திரும்பி வரும் மகனுக்காக நிறுத்திவைத்தார்கள். குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோதும், சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்று தடுத்தார்கள். தண்டனை கொடுத்த அதே சபையில்தான் இந்த வார்த்தையும் சொல்லப்பட்டது. தண்டனை உண்டு, அவமதிப்பு இல்லை. இது நம் மார்க்கத்தின் அளவுகோல்.

ஆகவே ஒருவன் சிறைக்குப் போனால், அவன் மனைவி மக்களுடைய வாடகையையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் யார் பார்க்கிறார்கள் என்று ஜமாஅத் விசாரிக்க வேண்டும். அவனைப் பார்க்க உறவினர் போய்வர வேண்டும். தண்டனை முடிந்து வந்தால் வேலை கொடுக்கும் முதலாளிகள் வேண்டும். சிங்கப்பூரில் 2004ல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம் அதற்காகவே முதலாளிகளை அழைக்கிறது. மற்றவர்கள் முன்வரும் காரியத்தில் நாம் பின்தங்கலாமா? உடனே கல்லாவில் உட்கார்த்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சரக்கு இறக்குமிடத்தில் ஒரு வேலை கொடுத்து, நம்பிக்கையைச் சிறுகச் சிறுக வளர்க்கலாம். வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஓடாமல் நிற்கத் தைரியம் வரும்.

இந்தப் பாடத்தின் சுருக்கம் இதுதான். ஓடியவனை ஒளிப்பவன் அவனுக்கும், அவனால் பாதிக்கப்பட்டவருக்கும், தன் வீட்டாருக்கும் தீங்கு செய்கிறான். ஓடியவனைக் கைவிடுபவன் உறவை முறிக்கிறான். அவனைத் தேடிப் போய், உண்மையைச் சொல்லி, நீதியின் வாசல்வரை கைபிடித்து அழைத்து வந்து, அந்த வாசலுக்கு அப்பாலும் கைவிடாமல் இருப்பவனே உற்றவன்.

நம் பிள்ளைகளை ஹராமிலிருந்தும் பிறர் ஹக்கிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. தவறி விழுந்தவர்களுக்குத் திரும்பி வரும் தைரியத்தையும், அவர்களுடைய தாய் தகப்பனுக்கு நீதியில் நிற்கும் பலத்தையும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலையும் தந்தருள்வானாக. ஆமீன்.